லிவர் கல்லு மாதிரி இருந்தா நல்ல பிரேக்கா?

கே: சைக்கிளுக்குப் புது வி-பிரேக் (சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் தனித்தனி கை நிக்கிற வகை) வாங்கி மாட்டினேன், லிவர் மட்டும் பழசு (ரெண்டு கையும் சக்கரத்துக்கு மேல ஒண்ணா சேர்ற காலிப்பர் பிரேக்கோட வந்தது). அழுத்தினா ஹேண்டில்பார்ல போய் இடிக்குது. டூப்ளிகேட்டா?

ப: பிரேக் மேல தப்பில்லீங்க. காலிப்பர் லிவர் இழுக்கிற ஒயரைவிட வி-பிரேக்குக்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வேணும். வி-பிரேக் லிவர் வாங்குங்க. இதை வாங்குறதுக்கு முன்னாடியே கேட்டிருக்கலாம்.

கே: பிரேக் கீச்சுனு கத்துச்சு, ரிம்ல எண்ணெய் விட்டேன். இப்போ நிக்கவே மாட்டேங்குது.

ப: எப்படிங்க நிக்கும்? ரிம்மை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டுத் தொடைங்க, பிரேக் கட்டையைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு மாட்டுங்க. சத்தம் போகணும்னா கட்டையோட முன் நுனி முதல்ல ரிம்மைத் தொடணும், அப்போ பின் நுனி 1 மி.மீ. தள்ளி நிக்கணும். பின் நுனிக்கும் ரிம்முக்கும் நடுவுல மடிச்ச அட்டையைச் சொருகி, லிவரை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே நட்டை முடுக்குங்க.

கே: ரெண்டு சைக்கிள் பாத்தேன். ஒண்ணுல லிவர் கல்லு மாதிரி, இன்னொண்ணுல கொஞ்சம் மெத்துனு. கல்லு மாதிரி இருக்கிறதையே எடுத்துடவா?

ப: இதே நினைப்புலதான் நானும் ஒரு தடவை பழைய சைக்கிள் ஒண்ணு வாங்கினேன். நின்ன இடத்துல அழுத்திப் பாத்தா அப்படி ஒரு கெட்டி, முதல் இறக்கத்துல விரல் நரம்பு புடைக்க அழுத்துறேன், வண்டி பாட்டுக்கு போகுது. அப்புறம்தான் பாத்தேன், காலிப்பர் பிரேக்குக்கு வி-பிரேக் லிவரை மாட்டி வெச்சிருந்தான் புண்ணியவான். லிவர் ஒயரை நிறைய இழுத்தா விசை கம்மியாதான் போய்ச் சேரும், கைக்கு மட்டும் கல்லு மாதிரி தெரியும். நல்லா பிடிக்கிற பிரேக் கட்டை ரிம்மைத் தொட்டப்புறமும் கொஞ்சம் அமுங்கும், அது குறையில்ல. ஆனா மெத்துனு இருக்கிறதெல்லாம் நல்லதுன்னும் சொல்லல, அழுத்துறப்ப அவுட்டர் (ஒயர் மேல இருக்கிற உறை) நெளியுதா, பிரேக் கை முறுக்குதான்னு பாருங்க, நெளிஞ்சா உங்க பலம் அங்கேயே போயிடுது. அவுட்டரை வெட்டின இடத்தைக் கழட்டிப் பாத்தா பாதி நேரம் கம்பி பிசிறு நீட்டிக்கிட்டு கோணலா இருக்கும், அரத்தால தட்டையா ராவி மூடி போட்டா லிவரே வேற மாதிரி ஆயிடும். கடைசியா, உருட்டாம வாங்காதீங்க. ஓட்டி, நிறுத்திப் பாத்து வாங்குங்க.

கே: கட்டைல தேய்மானக் கோடு அழிஞ்சிடுச்சு, ஆனா பிடிக்குது. இன்னும் எத்தனை நாள் ஓட்டலாம்?

ப: நேத்தோட முடிஞ்சுது.

கே: பிரேக் அவுட்டர் கேட்டேன், கியர் அவுட்டரைப் போட்டுக் கொடுத்துட்டாங்க. ஓட்டுறப்ப வெடிச்சு விழுந்தேன், முட்டியில தையல். கடைக்காரர் 'ரெண்டும் ஒண்ணுதான்'ங்கிறார்.

ப: ஒண்ணே இல்லீங்க. பிரேக் அவுட்டருக்குள்ள கம்பி ஸ்பிரிங் மாதிரி சுத்தியிருக்கும், கியர் அவுட்டர்ல நீளவாக்குல ஓடும், பிரேக் அழுத்தத்துக்கு அது பிளந்துடும். உங்க மேல ஒரு தப்பும் கிடையாது. வெடிச்ச துண்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க, பில்லோட வெச்சு போட்டோ எடுத்து, சிகிச்சை செலவையும் சேர்த்து எழுத்துல கேளுங்க. தையல் பிரிச்சாச்சான்னு எனக்கும் ஒரு வரி போடுங்க.