எபிசோடுக்குப் பத்தாயிரம்: நகைச்சுவை எழுத்தாளர் தம் வரவைச் சீர்படுத்துவது எப்படி?

கேள்வி: எனக்கு வயது 36. சென்னையில் ஒரு தனியார் பண்பலை வானொலியில் ஏழு ஆண்டுகள் மாதச் சம்பளத்தில் நகைச்சுவைப் பகுதிகள் எழுதினேன். 2025 மார்ச்சில் வேலையை விட்டுவிட்டுத் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சிகளுக்கு எபிசோடுக்கு 10,000 ரூபாய் என்று எழுதிவருகிறேன். 2025-26 நிதியாண்டில் 72 எபிசோடுகள் எழுதினேன். கைக்கு வந்தது 6,48,000 ரூபாய். மனைவி பள்ளி ஆசிரியை, சம்பளம் 24,000. வீட்டுச் செலவு மாதம் 55,000. கிரெடிட் கார்டு நிலுவை 1,40,000. வங்கியில் வைப்புத் தொகை 1,50,000. பழைய வேலையின் பி.எஃப். 3,80,000. இப்போது ஒரு தயாரிப்பாளர் 52 எபிசோடுகளுக்கு மொத்தமாக 5 லட்சம் தருவதாகவும், 1.5 லட்சம் முன்பணம் என்றும் ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார். கையெழுத்துப் போடலாமா? பி.எஃப். பணத்தை எடுத்துக் கார்டுக் கடனை அடைக்கலாமா? மாதம் 10,000 கட்டும் சீட்டில் சேரலாமா? வீட்டுக் கடன் கிடைக்குமா?

பதில்: நீங்கள் இணைத்திருந்த வங்கிக் கணக்குப் பக்கங்களை இரண்டு முறை படித்தேன். ஆகஸ்ட் மாதம் மூன்று வரவுகள். அக்டோபரிலும் நவம்பரிலும் ஒன்றுகூட இல்லை. டிசம்பரில் ஒரே நாளில் 1,08,000. கார்டு நிலுவை தொடங்கியது அந்த நவம்பரில்தான். உங்கள் வருமானம் குறைவு என்று நான் நினைக்கவில்லை. ஒளிபரப்பு முடிந்து பில் போட்டு, பணம் வர இரண்டு மூன்று மாதம் ஆகும் தொழிலை, முதல் தேதி சம்பளம் வாங்கிய நாட்களின் பழக்கத்திலேயே நடத்துகிறீர்கள். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

முதலில் உங்களுக்கு வரவேண்டிய பணத்தைப் பார்ப்போம். 72 எபிசோடுகளுக்கு 7,20,000 வந்திருக்க வேண்டும். குறையும் 72,000 ரூபாய், தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதம் டி.டி.எஸ்., அதாவது பணம் தருபவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி. புதிய வரி முறையில் 2025-26 முதல் ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் வருமான வரி இல்லை என்பதால், உங்களுக்கு வேறு வருமானம் இல்லாத பட்சத்தில் இந்த 72,000 ரூபாயும் உங்களுக்கே திரும்பி வர வேண்டும். வருமான வரித் துறை இணையதளத்தில் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து, தயாரிப்பாளர்கள் பிடித்த தொகையை உண்மையிலேயே உங்கள் பான் எண்ணில் கட்டியிருக்கிறார்களா என்று ஒவ்வொரு வரியாகச் சரிபாருங்கள். கட்டாமல் விட்டவர்கள் இருந்தால் இப்போதே கேளுங்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது, சம்பளக்காரராக இருந்தபோது நிரப்பிய ஐ.டி.ஆர்.-1 படிவம் இனி உங்களுக்குப் பொருந்தாது. தொழில் வருமானத்துக்கான படிவத்தை ஆடிட்டர் ஒருவரிடம் கொடுத்து நிரப்புங்கள்.

கார்டுக் கடனுக்கு பி.எஃப். பணத்தைத் தொட வேண்டாம். பெரும்பாலான கார்டுகளில் நிலுவைக்கு மாதம் 3.5 சதவீதம் அளவில், அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 42 சதவீதம் வட்டி ஏறுகிறது. வைப்புத் தொகைக்குக் கிடைப்பது அதில் ஆறில் ஒரு பங்குகூட இருக்காது. ஆகவே வைப்புத் தொகையை இந்த வாரமே உடைத்து 1,40,000 ரூபாயையும் ஒரே தவணையில் கட்டுங்கள். திரும்பி வரும் 72,000 ரூபாய் உங்கள் அவசரச் சேமிப்பின் முதல் செங்கல்லாக இருக்கட்டும். பி.எஃப். கணக்குக்கு 2024-25-இல் 8.25 சதவீத வட்டி அறிவிக்கப்பட்டது. வேலையை விட்ட பிறகும் 58 வயது வரை அது வட்டி ஈட்டும். ஆனால் விலகிய பின் சேரும் வட்டி வரிக் கணக்கில் சேரும் என்பதை நினைவில் வையுங்கள்.

இனி உங்களுக்கு நீங்களே சம்பளம் கொடுங்கள். எல்லா வரவும் ஒரு கணக்கில் விழட்டும். அதிலிருந்து முதல் தேதியன்று 40,000 ரூபாய் மட்டும் வீட்டுக் கணக்குக்கு மாறட்டும். மனைவியின் 24,000 சேர்ந்தால் வீடு நடக்கும். டிசம்பரில் 1,08,000 வந்தாலும் 40,000தான், நவம்பரில் ஒன்றும் வராவிட்டாலும் 40,000தான். டி.டி.எஸ். திரும்பியபின் உங்கள் சராசரி மாத வருமானம் 60,000 ஆகிறது. மீதி 20,000 அந்தக் கணக்கிலேயே தேங்கும். ஆறு மாதச் செலவான 3,30,000 சேரும்வரை வேறு முதலீடு எதுவும் வேண்டாம். 2020 ஊரடங்கில் படப்பிடிப்புகள் நின்றபோது, பேட்டா வாங்கும் தொழிலாளர்களைப் போலவே எழுத்தாளர்களும் ஒரே நாளில் வருமானம் இழந்ததை நீங்கள் அருகிலிருந்து பார்த்திருப்பீர்கள்.

இதே காரணத்தால் சீட்டு வேண்டாம் என்கிறேன். மாதம் தவறாமல் கட்ட வேண்டிய எதுவும் உங்கள் வரவுக்குப் பொருந்தாது. ஒரு தவணை தவறினால் அதற்கும் கடன் வாங்குவீர்கள். சேமிப்பு நிறைந்த பிறகு பி.பி.எஃப். என்னும் பொது வருங்கால வைப்பு நிதி நல்லது: ஆண்டுக்கு 500 ரூபாய் முதல் 1.5 லட்சம் வரை, பணம் வரும் மாதத்தில் செலுத்திக்கொள்ளலாம். அதற்கு முன் மருத்துவக் காப்பீடு அவசியம். வானொலி நிலையத்தின் குழுக் காப்பீடு வேலையோடு போய்விட்டது. குடும்பத்துக்கு 10 லட்சம் அளவில் தனிப் பாலிசி எடுங்கள். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை.

இப்போது ஒப்பந்தம். 52 எபிசோடுகளுக்கு உங்கள் வழக்கமான கட்டணமே 5,20,000. அவர் தருவது அதைவிடக் குறைவு. அதைவிட என்னைக் கவலைப்படுத்தியது ஏழாவது பத்தி: "தொலைக்காட்சி, இணையம், வானொலி உள்ளிட்ட அனைத்து வடிவங்களிலும் நிரந்தரமாக, ராயல்டி ஏதுமின்றி". 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தத்தின்படி, திரையரங்கில் படத்தோடு காட்டப்படுவது தவிர்த்த பிற பயன்பாடுகளுக்கான ராயல்டியில் எழுத்தாளருக்குரிய சம பங்கை இப்படி எழுதி வாங்கிவிட முடியாது. ஆனால் வழக்குப் போட்டுப் பெறுவதைவிட, கையெழுத்துக்கு முன்பே பத்தியை மாற்றுவது எளிது. மறுஒளிபரப்புக்கும் இணைய வெளியீட்டுக்கும் தனித் தொகை, டைட்டில் கார்டில் உங்கள் பெயர், பில் கொடுத்த 45 நாட்களில் பணம் என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்; வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிட்டே கையெழுத்திடுங்கள். வானொலி நாட்களில் நீங்கள் எழுதியவற்றுக்கு, வேறு உடன்பாடு இல்லையென்றால், முதல் உரிமையாளர் அந்த நிறுவனமே. அந்தப் பாத்திரங்களைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவராதீர்கள்.

வீட்டுக் கடனுக்குச் சுயதொழில் செய்வோரிடம் வங்கிகள் பொதுவாக இரண்டு மூன்று ஆண்டுகளின் தொழில் வருமான வரிக் கணக்குகளைக் கேட்கும். உங்களிடம் இப்போது அப்படி ஒன்றுகூட இல்லை. இந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் கெடு தேதிக்குள் தாக்கல் செய்துவிட்டு, அதன்பின் மனைவியையும் இணை விண்ணப்பதாரராகச் சேர்த்துக்கொண்டு வங்கிக்குப் போங்கள்.