தினமும் ஓடியும் மனசு லேசாகவில்லையா?

ஓட்டத்தை நிறுத்த வேண்டாம், வேகத்தையும் நேரத்தையும் மாற்றுங்கள். மூன்று வாரமாக ஒரு நாள் விடாமல், இரவு ஒன்பதரைக்கு மேல் தனியாக மூச்சிரைக்க ஓடுகிறேன், தூக்கம் போய் எரிச்சல்தான் மிச்சம் என்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் அதிலேயே இருக்கிறது. உடல் தேற இடைவெளியே இல்லை, படுக்கும் நேரத்தில் இதயத்துடிப்பும் உடல் சூடும் தணியாமல் இருந்தால் தூக்கம் எப்படி வரும்?

ஓடும்போது பேசிப் பாருங்கள். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான வேகம். நாலு சொல்லுக்குள் மூச்சு வாங்கினால் கடுமையானது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பெரியவர்களுக்குச் சொன்னது வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி, கடுமையானதென்றால் 75 முதல் 150 நிமிடம். இரண்டு வாரம் மாலையில், வாரம் நாலு நாள் மட்டும், பேசக்கூடிய வேகத்தில் ஓடுங்கள்.

அப்புறம், ஒரு நாளாவது யாரையாவது கூட்டிக்கொண்டு பூப்பந்தோ நடையோ போங்கள். எனக்கு மனசு திறந்தது தனி ஓட்டத்தில் இல்லை, கூட ஆட ஆள் கிடைத்த பிறகுதான்.

இவ்வளவு மாற்றியும் சோர்வு, எதிலும் ஈடுபாடின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். ஓடும்போது நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு உடனே.