தாத்தாவின் சாய்வு நாற்காலி: உப்புத்தாளை எடுப்பதற்கு முன்னால்

கேள்வி: தாத்தா காலத்துத் தேக்குச் சாய்வு நாற்காலி ஒன்று மாடி அறையில் கிடக்கிறது. பளபளப்பே இல்லை. கைப்பிடியில் டம்ளர் வைத்த வெள்ளை வளையம், தலை சாயும் கட்டையில் கறுப்புப் பிசுக்கு. முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு வார்னிஷ் அடிக்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். உப்புத்தாள் போட்டால் மேல் பாலிஷ் மட்டும் போகாது, இத்தனை வருடம் கை பட்டுப் பட்டு மரத்தில் ஏறிய நிறமும் சேர்ந்து போய்விடும், அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை.

முதலில் மேலே இருப்பது என்ன பாலிஷ் என்று பாருங்கள். பெயின்ட் கடையில் பாலிஷ் போடுகிற ஸ்பிரிட் கிடைக்கும், அதைப் பஞ்சில் நனைத்து, கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் ஒரு நிமிடம் ஒற்றி வையுங்கள். பஞ்சு பழுப்பாகி, இடம் விரலில் ஒட்டினால் அது அவலரக்கை (ஷெல்லாக், அதாவது மெல்லிய செதில்களாக விற்கிற அரக்கு) ஸ்பிரிட்டில் கரைத்துப் போட்ட பழைய ஸ்பிரிட் பாலிஷ். பழைய நாற்காலிகளில் பெரும்பாலும் இதுதான் இருக்கும், உங்களுக்கும் இதுவாக இருந்தால் நல்லது, ஏனென்றால் சுரண்டவே வேண்டாம். காய்ந்து எத்தனை வருடம் ஆனாலும் அவலரக்கு ஸ்பிரிட்டில் மறுபடி இளகும், புதுப் பூச்சு பழையதோடு கலந்து ஒன்றாகிவிடும். ஒட்டவே இல்லையென்றால் அது வேறு பூச்சு, அதற்கு இந்த வழி சரிப்படாது.

அந்தக் கறுப்புப் பிசுக்கு தலை எண்ணெயும் வியர்வையும்தான். டர்பன்டைனில் நனைத்த துணியால் துடைத்தால் துணி காப்பி நிறத்தில் வரும், துணி சுத்தமாக வரும்வரை மாற்றி மாற்றித் துடையுங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். வெள்ளை வளையம் பாலிஷுக்குள் சிக்கிய ஈரம். ஸ்பிரிட் லேசாகத் தொட்ட துணியை அதன்மேல் நிற்காமல் வீசினாற்போல் ஓட்டினால் மங்கிக்கொண்டே வரும். கறுப்பு வளையமாக இருந்தால் மட்டும் ஈரம் மரம்வரை இறங்கிவிட்டது என்று அர்த்தம், அது இப்படிப் போகாது.

அப்புறம் பூச்சு. அரை லிட்டர் ஸ்பிரிட்டில் 75 முதல் 100 கிராம் அவலரக்கைப் போட்டு, மூடி, ஒரு ராத்திரி ஊறவிட்டு மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் பொட்டலமாகக் கட்டி, அதில் தோய்த்து, மரத்தின் ரேகை வாக்கிலேயே மெல்லியதாக இழுங்கள். ஒரே இழுப்பில் மினுக்க வேண்டும் என்று அப்பினால் திட்டுத்திட்டாக நிற்கும், மெல்லியதாக ஏழெட்டுக் கை, அதாவது ஏழெட்டுப் பூச்சு, போடுவதுதான் அழகு. இரண்டு கைக்கு ஒருமுறை 320 நம்பர் உப்புத்தாளால் பட்டும் படாமல் தடவலாம். மழை நாளில் செய்யாதீர்கள், காற்றின் ஈரத்தில் பாலிஷ் வெளுத்துவிடும். பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது, ஜன்னல் திறந்திருக்கட்டும்.

கால்கள் ஆடினால் ஆணி அடிக்காதீர்கள், மரம் பிளக்கும். கழுந்தை (துளைக்குள் செருகியிருக்கும் கட்டை முனையை) கழற்றி, பழைய வச்சிரத்தை (அந்தக் காலத்து மரப்பசையை) சுரண்டிவிட்டுப் புதிதாகப் பசை வைத்து ஒரு நாள் கயிற்றால் இறுக்கிக் கட்டிவையுங்கள். இதைப் பாலிஷுக்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும்.

கடைசிக் கை போட்டபின் ஒரு வாரம் யாரும் உட்கார வேண்டாம். சூடான டம்ளரை அதற்குப் பிறகும் கைப்பிடியில் வைக்காதீர்கள், இந்தப் பாலிஷுக்குச் சூடும் ஆகாது, ஈரமும் ஆகாது.