நான்கு மாதம் ஆகியும் அம்மாவுக்கு இடுப்பு வலி

முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் உள்ள எல்4-எல்5 எலும்புகளை ஆபரேஷனில் ஸ்க்ரூ போட்டு இணைத்து நான்கு மாதமாகியும் அம்மாவுக்கு வலி போகவில்லை, ஸ்க்ரூ கழன்றிருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். அதற்குள் அப்படி முடிவு கட்ட வேண்டாம். ஸ்க்ரூ, எலும்பு ஒட்டும்வரை தாங்கிப் பிடிக்கும் கட்டடச் சாரம் மாதிரிதான். எலும்பு ஒட்டிச் சேர 6 முதல் 12 மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். சர்க்கரை ஏறியிருந்தால் இன்னும் தாமதமாகும், அதை முதலில் பாருங்கள். எங்கள் அப்பா தினமும் நடந்தே தேறினார். நடுவில் குனிந்து தண்ணீர் வாளியைத் தூக்கியதுதான் வம்பாகிப் போனது!

பல வருடம் கழித்து, இணைத்த இடத்துக்கு மேலேயோ கீழேயோ உள்ள டிஸ்க் (எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருப்பது) தேயலாம், எல்லோருக்கும் வருவதில்லை. வலி கூடிக்கொண்டே போனால் டாக்டரிடம் எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சிடி ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். அப்புறம், சிறுநீர் அடைத்தாலோ தானாகப் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாவிட்டாலோ, காத்திருக்காமல் அப்போதே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.