ஆபீஸ் கட்டட லீசிங் வேலை: மகளை அனுப்பலாமா?

அம்மா, வணக்கம். உங்கள் கடிதத்தில் இரண்டு பயம் தெரிகிறது. பி.இ. சிவில் படித்த மகள் போயும் போயும் ஆபீஸ் இடங்களை வாடகைக்குப் பிடித்துக் கொடுக்கும் ஒரு "புரோக்கர் கம்பெனி"யில் சேர வேண்டுமா என்பது ஒன்று. "கவர்மெண்ட் ஒரு உத்தரவு போட்டால் அந்தத் தொழிலே படுத்துவிடும்" என்று உங்கள் அண்ணன் சொன்னது இன்னொன்று. அண்ணன் சொன்னது பாதி சரி. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். மகளுக்கு வந்திருப்பது என்ன வேலை என்பதும் அதிலேயே புரிந்துவிடும்.

சென்னையின் பெரிய ஐ.டி. வளாகங்கள் பல சிறப்புப் பொருளாதார மண்டலங்கள். பேச்சு வழக்கில் செஸ். 2005இல் இதற்கென்று தனிச் சட்டம் வந்தது. மண்டலத்துக்குள் இருந்து ஏற்றுமதி செய்யும் நிறுவனத்துக்கு அந்த லாபத்தில் முதல் 5 வருடம் முழு வருமான வரி விலக்கு, அடுத்த 5 வருடம் பாதி. மென்பொருள் பூங்காத் திட்டத்தில் அதுவரை கிடைத்துவந்த விலக்கோ 2011 மார்ச்சோடு முடிந்துவிட்டது. அப்புறம் என்ன, ஐ.டி. கம்பெனிகள் செஸ் இடமாகத் தேடின. கட்டுகிறவர்களும் அதையே கட்டினார்கள்.

அந்த விலக்குக்கு ஒரு கடைசித் தேதி இருந்தது. கொரோனாவுக்காகக் கொடுத்த சின்ன அவகாசத்தை விட்டுவிட்டால், 2020 ஏப்ரலுக்குப் பிறகு தொடங்கிய யூனிட்டுகளுக்கு அது கிடையாது. சலுகை போன பிறகு புதிய கம்பெனி எதற்காக செஸ்ஸுக்குள் வந்து சுங்கக் கட்டுப்பாடு, தனி அனுமதி என்று அலைய வேண்டும்? பக்கத்தில் இருக்கும் சாதாரணக் கட்டடத்துக்குப் போய்விடும். அதே நேரத்தில் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பழக்கமும் வந்தது. செஸ் ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்கு 2022இல் மத்திய அரசு தனி விதியே போட்டுக் கொடுத்தது. பழைய கம்பெனிகள் மாடி மாடியாகக் காலி செய்தன. உள்நாட்டு வேலைக்காக ஒரு சாதாரண நிறுவனம் அந்த மாடியைக் கேட்டால் அப்போது கொடுக்க முடியவில்லை. அது ஏற்றுமதி மண்டலம். கட்டடமும் லிஃப்டும் ஏசியும் அப்படியே இருந்தன. ஆனாலும் வாடகைக்கு விட வழியில்லாமல் இருந்தது.

2023 டிசம்பரில்தான் இதற்கு வழி பிறந்தது. செஸ் விதிகளில் 11பி என்று புதிதாக ஒன்றைச் சேர்த்து, மாடி வாரியாக இடத்தை மண்டலக் கட்டுப்பாட்டிலிருந்து பிரித்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆனால் அந்த இடத்துக்காக முன்பு வாங்கிய வரிச் சலுகையைத் திருப்பிக் கட்ட வேண்டும். இங்கேதான் உங்கள் மகளைப் போன்றவர்களுக்கு வேலை வருகிறது. எந்த மாடியைப் பிரிப்பது, எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும், பிரித்த பிறகு கிடைக்கும் வாடகை அதை ஈடு கட்டுமா, யார் குடிவர வாய்ப்பு என்று கட்டட உரிமையாளருக்குக் கணக்குப் போட்டுச் சொல்ல ஆள் வேண்டும். உத்தரவு மாறும்போது தொழில் தடுமாறுகிறது என்று அண்ணன் சொல்வது உண்மை. அந்த உத்தரவைப் படித்து, புரிந்து, காசாக்கிக் காட்டத் தெரிந்தவர்களுக்கு அதே நேரத்தில் கிராக்கி கூடுகிறது. அவர் பார்க்காமல் விட்ட பாதி அது.

மகள் சிவில் படித்தது வீண் என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. எஃப்எஸ்ஐ என்று அவளிடம் கேட்டுப் பாருங்கள், உடனே சொல்வாள்: மனையின் அளவுக்கு எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளின்படி, 18 மீட்டர் அகலச் சாலையில் உயரமான கட்டடத்துக்கு 3.25. அரசுக்குக் கட்டணம் கட்டி பிரீமியம் எஃப்எஸ்ஐ வாங்கினால் 4.87 வரை போகலாம். ஒரு ஏக்கர், அதாவது 43,560 சதுர அடி மனை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 70,000 சதுர அடி வித்தியாசம்! அந்தப் பரப்பைக் கட்டும் செலவு, பிரீமியம் கட்டணம், பிறகு வரும் வாடகை மூன்றையும் வைத்துப் பார்த்து இந்த மனையை வாங்கலாமா என்று சொல்வதுதான் இந்தத் துறையில் நல்ல சம்பளம் வாங்குபவர்களின் வேலை. வெறும் எம்.பி.ஏ. படித்துவிட்டு வருபவர்கள் இதில் தடுமாறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

புரோக்கர் விஷயத்துக்கு வருவோம். ஆமாம், லீசிங் பிரிவில் தரகு உண்டு. அதை மறைக்க வேண்டாம். அதில் கேவலமும் இல்லை. ஆனால் மகளுக்கு வந்திருக்கும் கடிதத்தில் எந்தப் பிரிவு என்று பாருங்கள். ரிசர்ச், மதிப்பீடு (சொத்தின் விலையைக் கணித்துச் சொல்வது), திட்ட மேலாண்மை, லீசிங் எல்லாம் ஒரே கம்பெனிக்குள் வேறு வேறு வாழ்க்கை. லீசிங்கில் நிலையான சம்பளம் குறைவாகவும் ஊக்கத்தொகை அதிகமாகவும் இருக்கும். சந்தை மந்தமானால் முதலில் அடி வாங்குவதும் அதுதான். மதிப்பீட்டில் ஏற்றம் மெதுவாக வரும், ஆனால் வேலை ஓரளவு நிலைத்திருக்கும்.

சிவில் பட்டதாரிக்கு மதிப்பீட்டில் சட்டமே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. கம்பெனிகள் சட்டத்தின் கீழ் 2017இல் வந்த விதிகளின்படி நிலம், கட்டடத்துக்குப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஆகலாம். சிவில், கட்டடக்கலை, நகரமைப்பு போன்ற பட்டம் இருந்து 5 வருட அனுபவமும் வேண்டும். மதிப்பீட்டாளர் அமைப்பு ஒன்றில் சேர்ந்து பயிற்சி முடித்து, திவால் வாரியமான ஐ.பி.பி.ஐ. நடத்தும் தேர்வையும் எழுதித் தேற வேண்டும். இவளோடு பி.காம். முடித்த பெண்ணுக்கு நேரடியாக இந்த வழி இல்லை. மேற்படிப்பு என்றால் அகமதாபாத் செப்ட், புனே நிக்மர், இங்கேயே அண்ணா பல்கலைக்கழகத்தின் நகரமைப்புப் படிப்பு எல்லாம் நல்லவை. ஆனால் இப்போதே கடன் வாங்கிச் சேர்க்க வேண்டாம். இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போனால் எதைப் படிப்பது என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

துறையின் எதிர்காலம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆரூடம் சொல்ல மாட்டேன், ஆனால் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஆபீஸ் கட்டடங்களைப் பங்குபோல யூனிட்டாக வாங்கி விற்க வழிசெய்யும் ரீட் விதிகளை, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2014இல் வெளியிட்டது. முதல் ரீட் பட்டியலுக்கு வந்ததோ 2019இல். வரி ஒத்துவராததுதான் இந்தத் தாமதத்துக்கு முக்கியக் காரணம். 2016 பட்ஜெட்டில் டிவிடெண்ட் விநியோக வரியிலிருந்து விலக்கு கொடுத்த பிறகே வழி தெளிந்தது. இன்று போரூரிலும் பல்லாவரம்-துரைப்பாக்கம் சாலையிலும் ரீட் கையில் உள்ள வளாகங்கள் இருக்கின்றன. எத்தனை சதவீதம் காலி, யார் குடியிருக்கிறார்கள் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுகிறார்கள். இலவசமாகவே படிக்கலாம், இதைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரிந்து இல்லை.

இன்னொன்று, வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் சொந்த வேலைகளுக்காக இங்கே நடத்தும் ஜி.சி.சி. மையங்கள். மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் சம்பளம் தரும் புதிய வேலைகளுக்கு முதல் வருடம் 30 சதவீதம், அடுத்து 20, பிறகு 10 என்று சம்பள மானியம் தருவதாகத் தமிழக அரசு 2024இல் அறிவித்தது. மானியம் சம்பளத்துக்குத்தான், கட்டடத்துக்கு இல்லை. ஆனாலும் அந்த ஆட்கள் உட்கார இடம் வேண்டுமே. விழுப்புரத்திலும் தஞ்சாவூரிலும் சேலத்திலும் அரசே நியோ டைடல் என்ற சிறிய ஐ.டி. பூங்காக்களைத் திறந்திருக்கிறது. அவற்றால் சின்ன ஊர்களில் தனியார் ஆபீஸ் சந்தை உருவாகிவிடும் என்று பேசுகிறார்கள். எனக்கு அதில் இன்னும் நம்பிக்கை வரவில்லை. இப்போதைக்கு அவள் சென்னையிலோ பெங்களூரிலோதான் இருக்க வேண்டியிருக்கும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

டி.என்.பி.எஸ்.சி.யும் எழுதட்டுமா என்றால், தாராளமாக எழுதட்டும். ஆனால் அதற்காக வீட்டில் சும்மா உட்கார வைக்காதீர்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். அதற்கு முன் மகளை எச்.ஆரிடம் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: எந்தப் பிரிவு, மொத்தச் சம்பளத்தில் நிலையானது எவ்வளவு, பத்திரம் எழுதி வாங்கி இத்தனை வருடம் இருக்க வேண்டும் என்று கட்டிப்போடுவார்களா? பதில் போனில் வேண்டாம், மெயிலில் வரட்டும். வந்ததும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.