மெயின்ஸ் உலக வரலாறு: எந்தப் புத்தகம், எவ்வளவு?

யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வின் பொது அறிவு முதல் தாளில் வரும் உலக வரலாற்றை, கோச்சிங் போகாமல் வீட்டிலிருந்தே படிப்பவர்கள் கேட்டவையும் என் பதில்களும். கேட்டவரின் ஊர் முன்னால் இருக்கிறது.

சேலம்: அக்கா, நார்மன் லோ எழுதிய 'Mastering Modern World History' புத்தகம் ஒன்று போதுமா?

போதாது. பாடத்திட்டம் 18-ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. அந்தப் புத்தகம் முதல் உலகப் போரை ஒட்டித்தான் ஆரம்பிக்கிறது. அமெரிக்கப் புரட்சி, பிரெஞ்சுப் புரட்சி, தொழிற்புரட்சி எதற்கும் அதில் பாடம் கிடையாது. 2019-இல் அமெரிக்க, பிரெஞ்சுப் புரட்சிகள் இரண்டும் நவீன உலகுக்கு எப்படி அடித்தளமிட்டன என்றே கேட்டார்கள். லோவை மட்டும் படித்தவர் என்ன எழுதியிருப்பார்?

புத்தகங்களில் முதலில் தமிழ்நாடு அரசின் பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தை முடியுங்கள். புரட்சிகளிலிருந்து இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய உலகம் வரை அதில் இருக்கிறது, இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். அப்புறம் லோவில் இரு போர்களுக்கு இடைப்பட்ட காலம், பனிப்போர், ஆப்பிரிக்க விடுதலை ஆகியவற்றை மட்டும் படித்தால் போதும்.

திண்டுக்கல்: ப்ரிலிம்ஸுக்கும் (முதல்நிலைத் தேர்வுக்கும்) இது வேண்டுமா?

வேண்டாம். அங்கே இந்திய வரலாறுதான்.

நாகர்கோவில்: கடையில் கைடு வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் அக்கா?

1914-ஐப் பற்றிய பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார் என்று எல்லா கைடிலும் இருக்கும். ஒரு கொலை ஏன் ஐரோப்பா முழுவதையும் போருக்கு இழுத்தது என்று சொல்கிறதா? பால்கன் பகுதியில் ரஷ்யாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் இருந்த போட்டி, ஜெர்மனி ஆஸ்திரியாவுக்குக் கொடுத்த நிபந்தனையற்ற ஆதரவு, பிரிட்டனோடு நடந்த கடற்படைப் போட்டி இவையெல்லாம் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருந்தால் வாங்குங்கள். வெறும் தேதிப் பட்டியல் என்றால் வைத்துவிட்டு வாருங்கள். 2024-இல் அந்தப் போர் அதிகாரச் சமநிலையைக் காக்கவே நடந்ததா என்று கேட்டார்கள். தேதிகளை வைத்து அதற்கு ஒரு பத்திகூட எழுத முடியாது.

தஞ்சாவூர்: லோ மட்டும் படித்தால் போதுமா?

சேலத்துக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

மதுரை: ஒன்றிரண்டு கேள்விதான் வருகிறது. 2017-இல் மலாய் தீபகற்பத்தின் காலனிய விடுதலைச் சிக்கல்களைக் கேட்டபோது எந்த கைடிலும் பதில் இல்லை. இந்தப் பகுதியை விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

அந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷார் ஆட்சியில் வெள்ளீயச் சுரங்கங்களுக்குச் சீனர்களும் ரப்பர் தோட்டங்களுக்குத் தமிழர்களும் வந்து குடியேறினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நாடு யாருடையது, குடியுரிமை யாருக்கு என்பதே முதல் சிக்கல். 1946-இல் மலாயா யூனியன் வந்தது, மலாய்க்காரர்கள் எதிர்த்தார்கள், 1948-இல் அது கூட்டமைப்பாக மாறியது. அதே ஆண்டில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க நெருக்கடிநிலை, அது 1960 வரை நீடித்தது. 1957-இல் விடுதலை, 1963-இல் மலேசியா, 1965-இல் சிங்கப்பூர் பிரிந்தது. காலனிய விடுதலையை ஒரு பாடமாகப் புரிந்துகொண்டவர், மலாயா என்ற பெயர் கைடில் இல்லாவிட்டாலும் குடியேற்றம், குடியுரிமை, கிளர்ச்சி, எல்லை என்று நான்கு சரடுகளை இழுத்துவிடுவார்.

மதுரை (மறுபடி): தோட்டத்துக்குப் போன தாத்தா இருக்கும் நமக்கு அது தெரியும். பீகாரில் படிப்பவருக்கு?

அவருக்கும் வழி இருக்கிறது. 2014-இல் எகிப்தின் சூயஸ் கால்வாய் நெருக்கடி, 2016-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் விடுதலைப் போராட்டத்தை நடத்திய படித்த மேட்டுக்குடியினர் பற்றிக் கேட்டார்கள். மலாயாவையும் சேர்த்து மூன்று கேள்விகளும் காலனிகளிலிருந்து விலகிக்கொள்ளும் பேரரசைப் பற்றியவை. அதனால்தான் பழைய வினாத்தாளை முதலில் படியுங்கள், புத்தகத்தை அப்புறம் தேர்ந்தெடுங்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். விட்டுவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. மூன்று வாரத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள் என்பதை வேண்டுமானால் ஒப்புக்கொள்கிறேன்.

கோவை: டெலிகிராமில் ஐந்து பேருடைய நோட்ஸ் வைத்திருக்கிறேன். எது நல்லது?

நான்கை அழியுங்கள். மிச்சமிருப்பதை 2013-க்குப் பிந்தைய வினாத்தாள்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

விருதுநகர்: லோவின் புதிய பதிப்புதான் வேண்டுமா?

பழையதே போதும். இதற்கு மேல் லோவைப் பற்றிக் கேட்காதீர்கள், தயவுசெய்து.

பெரம்பலூர்: தமிழில் எழுதுகிறேன். எதைப் படிப்பது?

அரசுப் பாடநூல்தான் உங்களுக்கு அடிப்படை. பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் இரு உலகப் போர்களும் சுருக்கமாக இருக்கின்றன, அதிலிருந்து தொடங்கலாம். கலைச்சொற்களையும் பாடநூலில் உள்ளபடியே எடுத்துக்கொண்டு, விடைத்தாள் முழுக்க ஒரே சொல்லைப் பயன்படுத்துங்கள். வாரம் இரண்டு விடையாவது 250 சொற்களுக்குள் கையால் எழுதிப் பழகுங்கள்.