ஆர்எக்ஸ் 580 வாங்கலாமா? பழைய கிராஃபிக்ஸ் கார்டு கேள்வி பதில்

ஏஎம்டி 2017 ஏப்ரலில் வெளியிட்ட ரேடியான் ஆர்எக்ஸ் 580 பற்றி வந்த கேள்விகள் இங்கே. முதலில் அடிப்படைக் கணக்கு: 2304 ஷேடர் (படத்தைக் கணக்கிடும் சின்ன அலகுகள்), 256 பிட் மெமரி பஸ், ஜிடிடிஆர்5 மெமரி, 185 வாட். அறிமுக விலை 8 ஜிபிக்கு 229 டாலர், 4 ஜிபிக்கு 199 டாலர்.

கேள்வி: அண்ணா, சீல் உடைக்காத ஆர்எக்ஸ் 580 8 ஜிபி, 8,500 ரூபாய் சொல்றாங்க. பெட்டியில சின்னதா 2048எஸ்பின்னு போட்டிருக்கு. அது என்ன?

பதில்: அந்தச் சின்ன எழுத்தில்தான் விஷயமே இருக்கிறது. 2018 அக்டோபரில் சீனச் சந்தைக்காக வந்த வகை அது. 2304 ஷேடருக்குப் பதில் 2048 மட்டும். ஷேடர் கணக்கில் அது ஆர்எக்ஸ் 570. பெயர் மட்டும் 580. போலி என்று சொல்ல முடியாது, ஏஎம்டி வைத்த பெயர்தான். ஆனால் 580 விலை கொடுக்க வேண்டியதில்லை.

2048எஸ்பி என்று பெட்டியில் அச்சிடாமலும் விற்கிறார்கள். அதனால் காசு கொடுக்கும் முன், கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து பாருங்கள். ஷேடர் 2304, டிஎம்யு (டெக்ஸ்ச்சர் அலகு) 144 என்றால் முழு 580. ஷேடர் 2048, டிஎம்யு 128 என்றால் வெட்டப்பட்டது. சிப்பின் அடையாள எண்ணான டிவைஸ் ஐடியும் சொல்லிவிடும்: முழு கார்டில் 67டிஎஃப், 2048எஸ்பியில் 6எஃப்டிஎஃப். ஆனால் ஐடியை மட்டும் நம்பாதீர்கள். 470, 480, 570 எல்லாமே அதே 67டிஎஃப்தான். ஷேடர் எண்ணிக்கைதான் தீர்ப்பு.

கேள்வி: மைனிங் கார்டான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது சார்? விக்கிறவர் "கேம் மட்டும்தான் ஆடினேன்"ங்கிறார்.

பதில்: எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை கிராஃபிக்ஸ் கார்டில் மைன் செய்வது (கணக்குப் போட்டு நாணயம் ஈட்டுவது) 2022 செப்டம்பர் 15-ஓடு முடிந்தது. அதற்கு முன் இந்த 8 ஜிபி கார்டுகள் இரவு பகலாக ஓடியவை. மைனிங்கில் ஓடாத கார்டு கிடைத்தால் அதிர்ஷ்டம். 4 ஜிபி கார்டுகள் மெமரி போதாமல் 2020 கடைசியிலேயே எத்தீரியத்திலிருந்து கழன்றுவிட்டன. அந்த ஒரு விஷயத்தில் அவை கொஞ்சம் தேவலை.

மைனிங்கில் ஓடியது என்பதே குற்றமில்லை. வோல்டேஜைக் குறைத்து, ஒரே சூட்டில் ஓட்டியிருந்தால் சிப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தேய்வது மெமரியும் விசிறியும். விசிறியை விரலால் தட்டிச் சுற்றுங்கள். கரகரப்போ ஆட்டமோ இருந்தால் பேரிங் போய்விட்டது. பின்பலகையில், மெமரியும் விஆர்எம்மும் (சிப்புக்கு மின்சாரத்தைச் சீர்செய்து தரும் பகுதி) இருக்கும் இடத்தில் பழுப்பு நிறமோ எண்ணெய்க் கசிவோ தெரிகிறதா பாருங்கள். எண்ணெய், சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடிலிருந்து வருவது, துடைத்தால் போகும். பழுப்பு, பலகை நெடுநாள் வெந்ததன் அடையாளம்.

அடுத்து, சென்சார் அளவுகளைக் காட்டும் எச்டபிள்யுஇன்ஃபோவைத் திறந்து வைத்துக்கொண்டு, கார்டைச் சோதிக்கும் ஹெவன் பெஞ்ச்மார்க்கை 20 நிமிடம் ஓட்டுங்கள். கார்டின் சென்சார் பட்டியலில் ஜிபியு மெமரி எரர் என்று ஒரு வரி உண்டு. அது பூஜ்ஜியத்தில் நிற்க வேண்டும். எண்ணிக்கை ஏறினால், திரையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் மெமரி தடுமாறுகிறது என்று அர்த்தம். மெமரி வேகத்தைக் கம்பெனி அளவுக்கு இறக்கியும் ஏறிக்கொண்டே போனால் அந்தக் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "டெஸ்டிங் வாரண்டி" இரண்டு நாளாவது கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: டிரைவர் போட்டதும் கோட் 43 வருது. போடலன்னா படம் நல்லாத் தெரியுது. கார்டு செத்துப்போச்சா?

பதில்: அவசரப்படாதீர்கள். கோட் 43 என்பது விண்டோஸ் கார்டை நிறுத்திவிட்டதாகச் சொல்லும் பிழை. பயாஸை (கார்டுக்குள் இருக்கும் அடிப்படை நிரலை) மைனிங்குக்காகத் திருத்தியிருந்தால் இப்படித்தான் ஆகும். ஏஎம்டி டிரைவர் திருத்திய பயாஸை ஏற்காது. முதலில் கார்டின் மேல் விளிம்பில் குட்டி சுவிட்ச் இருக்கிறதா என்று தேடுங்கள். சில மாடல்களில் இரண்டு பயாஸ் உண்டு. கம்ப்யூட்டரை நிறுத்தி, சுவிட்சை மறுபக்கம் தள்ளி, திரும்பப் போடுங்கள். பல சமயம் அதிலேயே முடிந்துவிடும்.

சுவிட்ச் இல்லையென்றால் ஜிபியு-இசட்டில் இப்போதுள்ள பயாஸைச் சேமித்து வைத்துக்கொண்டு, அதே கம்பெனி, அதே மாடலின் அசல் பயாஸை ஏஎம்டி விபிஃப்ளாஷ் என்ற மென்பொருளில் ஏற்றுங்கள். இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள்: மெமரி சிப் சாம்சங்கா, ஹைனிக்ஸா, மைக்ரானா என்று ஜிபியு-இசட்டில் பார்த்து, அந்த மெமரிக்குப் பொருந்தும் பயாஸைத்தான் எடுக்க வேண்டும். மாறிப்போனால் கோடுகள் வரும், அல்லது திரையே வராது. அப்படி ஆனாலும் பிராசஸரில் உள்ள கிராஃபிக்ஸில் படம் வாங்கிக்கொண்டு, சேமித்ததைத் திரும்ப ஏற்றிவிடலாம்.

அசல் பயாஸ் போட்டும் அதே பிழை என்றால் சிப்போ மெமரியோ பழுது. கார்டை ஓவனில் வைத்துச் சுடும் வைத்தியமெல்லாம் வேண்டாம்.

கேள்வி: பழைய டெல் ஆப்டிபிளக்ஸ் 7010 டவர் இருக்கு. அதுல போடலாமா ப்ரோ?

பதில்: போடாதீர்கள். அதன் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) 275 வாட்தான், கார்டுக்கு வேண்டிய 8 பின் மின் ஒயரும் கிடையாது. கன்வெர்ட்டர் ஒயர் போட்டுச் சமாளிப்பவர்கள் உண்டு. கேம் ஆடும்போது திடீரென அணையும், இல்லையென்றால் ஒயர் உருகும். இந்தக் கார்டுக்கு ஏஎம்டி சொல்வது 500 வாட் எஸ்எம்பிஎஸ். 8 பின் ஒயர் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே வர வேண்டும். உங்கள் டவருக்குத் தனி ஒயர் கேட்காத ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, அல்லது 6 பின் இல்லாத ஜிடிஎக்ஸ் 1650 பாருங்கள். இரண்டும் 75 வாட்டுக்குள்.

கேள்வி: 85 டிகிரி போகுது, சத்தமும் தாங்கல. பேஸ்ட் மாத்தினா போதுமா?

பதில்: பேஸ்ட் மாற்றுங்கள், ஆனால் தெர்மல் பேடின் தடிமனை அளக்காமல் புதிது வாங்காதீர்கள். தடிமன் மாடலுக்கு மாடல் மாறும். கூடுதல் தடிமன் போட்டால் ஹீட்சிங்க் சிப்பின் மேல் உட்காராது, சூடு முன்பைவிட ஏறும்.

அதைவிட நல்ல பலன் வோல்டேஜைக் குறைப்பதில். ஏஎம்டியின் அட்ரினலின் மென்பொருளில் டியூனிங் பகுதிக்குப் போய், கடைசிப் படியில் (மிக உயர்ந்த வேகத்துக்கான படி) 1150 மில்லிவோல்ட் அளவில் இருப்பதை 25, 25-ஆக இறக்கி ஒவ்வொரு முறையும் கேம் ஆடிப் பாருங்கள். பல கார்டுகள் 1075 வரை தாங்கும். இறக்கியும் ஒன்றும் மாறவில்லையே என்பவர்கள் மெமரி வோல்டேஜ் கட்டத்தைப் பாருங்கள். பெயர்தான் மெமரி; உண்மையில் அது கோர் (சிப்) வோல்டேஜுக்கான அடிமட்டம். அங்கே 1100 இருந்தால் கோரை 1075 என்று எழுதியும் பயனில்லை. அதையும் சேர்த்து இறக்குங்கள்.

கேள்வி: பழைய விஜிஏ மானிட்டர் இருக்கு, சாதா டிவிஐ கன்வெர்ட்டர் போதுமா?

பதில்: போதாது. இதில் உள்ளது டிவிஐ-டி, அனலாக் சிக்னல் வராது. எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் ஆக்டிவ் கன்வெர்ட்டர் வாங்குங்கள்.

கேள்வி: புது கேம் ஓடுமா? பிளெண்டர் கத்துக்கிறேன், அதுக்கும் ஆகுமா?

பதில்: வேலரண்ட், ஜிடிஏ 5 போன்றவை 1080பி-யில் தாராளமாக ஓடும். ரே டிரேசிங் (ஒளி, நிழலை நிஜம்போலக் கணக்கிடுவது) ஹார்டுவேர் கட்டாயம் என்று கேட்கும் டூம்: தி டார்க் ஏஜஸ் போன்றவற்றை மறந்துவிடுங்கள், செட்டிங்கைக் குறைத்து ஈடுகட்டும் விஷயமில்லை அது. 2023-லேயே இந்தத் தலைமுறை கார்டுகளை ஏஎம்டி தனி டிரைவர் வரிசைக்கு ஒதுக்கிவிட்டது. முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரின் 3.0 முதல், அதன் ரெண்டர் இன்ஜினான சைக்கிள்ஸ் இந்தக் கார்டில் ரெண்டர் செய்யாது, பிராசஸர்தான் உழைக்க வேண்டும். அதற்காகவென்றால் வேறு கார்டு.

கேள்வி: கடைசியா, என்ன விலை கொடுக்கலாம்?

பதில்: என் கணக்கில் 2304 ஷேடர், 8 ஜிபி, அசல் பயாஸ், விசிறி சுத்தம் என்றால் 6,000 வரை. 2048எஸ்பி என்றால் ஆயிரம் குறையுங்கள். 4 ஜிபியை 3,500-க்கு மேல் தொடாதீர்கள். அதன் மெமரி வேகமும் 8 ஜிபி கார்டின் 256-க்குப் பதில் நொடிக்கு 224 ஜிபிதான். விசிறி மாற்ற வேண்டுமென்றால் அந்தச் செலவை விலையிலேயே கழியுங்கள். கரண்டையும் பாருங்கள்: தினம் 4 மணி நேரம் ஆடினால் இரண்டு மாத பில்லில் இந்தக் கார்டு மட்டும் சுமார் 44 யூனிட். 132 வாட் ஆர்எக்ஸ் 6600 அதே நேரத்துக்கு 32 யூனிட்டுக்குள் முடிக்கும், வேகமும் அதிகம், ரே டிரேசிங்கும் உண்டு. பழைய 6600 மூன்று நான்காயிரம் கூடுதலில் கிடைத்தால் 580 பக்கமே போக வேண்டாம்.